மழை, மண், ஓடை: கம்பியில்லா சென்சார் வலையமைப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீலகிரிப் பக்கம் சில ஓடைகளிலும் தேயிலைச் சரிவுகளிலும் மழை, மண் ஈரம், நீர்மட்டம் அளக்கும் சென்சார்களை வைத்துப் பராமரிப்பது எங்கள் வேலை. பார்க்க வரும் கல்லூரி மாணவர்கள், விவசாயிகள், எஸ்டேட் ஆட்கள், ஊராட்சி உறுப்பினர்கள் எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். வாயால் சொல்லிச் சொல்லிப் பழகிய பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். படித்துவிட்டு யாராவது ஒருவர் எங்களைவிடக் குறைவான பெட்டிகளைப் பாழாக்கினால் எனக்குப் பெரிய சந்தோஷம்.

சென்சார் வலையமைப்பு என்றால் சுருக்கமாக என்ன?

ஒரு பெட்டி. உள்ளே மைக்ரோகன்ட்ரோலர் என்ற சின்னக் கணினிச் சிப், ரேடியோ சிப், பேட்டரி. வெளியே சென்சார்கள். இதை நோடு என்கிறோம். பெரும்பாலான நேரம் இது தூங்கிக்கொண்டிருக்கும். 15 நிமிடத்துக்கு ஒருமுறை விழித்து, அளந்து, நாலைந்து எண்களை ரேடியோவில் அனுப்பிவிட்டு மறுபடி தூங்கப் போய்விடும். கரண்டும் இணையமும் உள்ள ஒரு மேட்டில் கேட்வே இருக்கும். சுற்றியுள்ள நோடுகள் சொல்வதை எல்லாம் கேட்டு சர்வருக்குத் தள்ளுவது அதன் வேலை. அமைப்பு இவ்வளவுதான். கஷ்டம் எல்லாம் மழையிலும் மண்ணிலும் இருக்கிறது.

இதை ஏற்கெனவே யாராவது செய்து பார்த்திருக்கிறார்களா?

20 வருடத்துக்கும் மேலாகச் செய்கிறார்கள். முன்னோடிகளின் அறிக்கைகளைப் படித்தால் வெற்றியைவிடத் தோல்விகளைத்தான் அதிகம் விவரித்திருப்பார்கள். அதற்காகவே அவர்களை எனக்குப் பிடிக்கும்.

2002 கோடையில் அமெரிக்காவின் மெய்ன் மாநிலக் கரையோரம் உள்ள கிரேட் டக் தீவில், கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 32 நோடுகளை வைத்தார்கள். அங்கே மண்ணுக்குள் வளை தோண்டிக் கூடு கட்டும் ஸ்டார்ம் பெட்ரல் என்ற கடற்பறவை உண்டு. மனிதர்கள் அடிக்கடி கையைவிட்டுப் பார்த்தால் கூட்டையே விட்டுப் போய்விடும். அதனால் வளைக்குள் சின்னக் கருவியை வைத்து, வெளியிலிருந்து வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் பார்த்தார்கள். நோடுகள் சாக ஆரம்பித்தபோது ஒன்றைக் கவனித்தார்கள். ஈரப்பத சென்சார் நனைந்து அபத்தமான எண்களைச் சொல்ல ஆரம்பித்தால், அந்த நோடு சீக்கிரமே செத்துவிடும். எங்கள் சர்வரில் இன்றும் அதே அறிகுறியைத் தேடுகிறோம்.

கலிஃபோர்னியாவில் 70 மீட்டர் உயர ரெட்வுட் மரம் ஒன்றில் 15 மீட்டர் உயரத்திலிருந்து உச்சிவரை நோடுகளைக் கட்டி, 5 நிமிடத்துக்கு ஒரு அளவீடு என்று 44 நாள் பார்த்தார்கள். ஒரே மரத்துக்குள் வெயிலும் ஈரமும் மேலும் கீழும் எப்படி நகர்கின்றன என்று தெரிந்தது. கூடவே இன்னொன்றும் தெரிந்தது. பேட்டரி வோல்டேஜ் இறங்கினால் சென்சார் தவறான எண்களைச் சொல்லும். 2005-இல் எக்வடாரின் ரெவென்டடோர் எரிமலையில் 16 நோடுகள், 3 கிலோமீட்டர் நீளத்துக்கு, 19 நாள் ஓடின. அங்கே தலைவலி கொடுத்தது, நோடுகளின் கடிகாரங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாதது.

நெதர்லாந்தில் ஒரு உருளைக்கிழங்கு வயல். கருகல் நோய் எப்போது வரும் என்று கணிக்க 100-க்கும் மேற்பட்ட நோடுகளை நட்டார்கள். கடைசியில் கிடைத்த தரவு, வரவேண்டியதில் 2 சதவீதம்தான். அதை மறைக்காமல் எழுதினார்களே, அதற்கு நன்றி சொல்ல வேண்டும். இன்னொரு பக்கம், சுவிட்சர்லாந்தின் மேட்டர்ஹார்ன் மலையில் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில், பாறை இடுக்குகளில் வைத்த வலையமைப்பு 2008-இலிருந்து வருடக்கணக்காக ஓடியிருக்கிறது. அதனால் இது முடியாத காரியம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

நமக்குப் பக்கத்தில் மூணாறில், அந்தோணியார் காலனிச் சரிவில், அமிர்தா பல்கலைக்கழகத்தார் நிலச்சரிவுக்கென்றே ஒன்றை நிறுவினார்கள். அதைப் பற்றிக் கீழே வருகிறேன்.

முதலில் என்ன வாங்க வேண்டும்?

எதையும் வாங்க வேண்டாம். ஒரு தாளில் உங்கள் கேள்வியை எழுதுங்கள். "சுற்றுச்சூழலைக் கண்காணிக்க வேண்டும்" என்று எழுதினால் அது கேள்வி ஆகாது. "மேலே எவ்வளவு மழை பெய்தால், எத்தனை நிமிடத்தில் இந்தத் தரைப்பாலத்தில் தண்ணீர் ஏறும்?" என்பது கேள்வி. இப்படி எழுதியதுமே பாதி முடிவு தானாக வந்துவிடும். மேலே இரண்டு மழைமானி, பாலத்தில் ஒரு நீர்மட்ட சென்சார். மழை நாளில் 5 நிமிடத்துக்கு ஒரு அளவீடு, வெயில் நாளில் ஒரு மணிக்கு ஒன்று. மொத்தம் மூன்று நோடு. எங்களிடம் 30 நோடு கேட்டு வந்தவர்கள் பலர், கேள்வியை எழுதியபின் நாலோடு போனார்கள்.

சில கேள்விகளுக்கு ரேடியோவே தேவைப்படாது. வயநாட்டில் ஹியூம் மையம் என்ற சூழலியல் ஆய்வு அமைப்பு சுமார் 200 மழைமானிகளை வைத்திருக்கிறது. உள்ளூர் விவசாயிகள் தினமும் அளந்து சொல்கிறார்கள். ஆள் இருக்கும் இடத்தில் ஆள்தான் நல்ல சென்சார். இருட்டில் போக முடியாத இடம், நிமிடத்துக்கு நிமிடம் தெரிய வேண்டிய விஷயம் என்று வரும்போது நோடு வையுங்கள்.

எந்த ரேடியோ நல்லது? லோராவா, ஜிக்பீயா, சிம் கார்டா?

மலையிலும் வயலிலும் என் தேர்வு பெரும்பாலும் லோரா. காரணம் எளிது. நம் தரவு மிகக் குறைவு. மழை, வெப்பம், ஈரம், பேட்டரி வோல்டேஜ் எல்லாம் சேர்த்து 12 பைட்டில் அடங்கிவிடும். அவ்வளவு சின்னத் தரவை மெதுவாக, வெகுதூரம் அனுப்புவதற்கென்றே லோரா இருக்கிறது. இந்தியாவில் 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரை 2005-லிருந்தே, வரையறுத்த சக்திக்குள், உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம். பிறகு அதை 868 வரை நீட்டித்தார்கள். வாங்கும்போது ஒன்றைப் பாருங்கள். அமெரிக்காவுக்கான 915 மெகாஹெர்ட்ஸ் மாட்யூலும் அதற்கான ஆன்டெனாவும் நம் கடைகளில் கலந்தே கிடக்கும். தப்பான ஆன்டெனாவை மாட்டிவிட்டு "ரேஞ்சே இல்லை" என்று வருகிறவர்கள் மாதம் ஒருவராவது உண்டு.

ஜிக்பீ என்ற குறுகியதூர ரேடியோவும் வைஃபையும் பொதுவாக 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடுகின்றன. நனைந்த இலை அந்த அலைவரிசையை நன்றாகவே விழுங்கும். ஒரு கிரீன்ஹவுஸுக்குள் என்றால் சரி, சோலைக்காட்டுக்கு ஆகாது. சிம் கார்டு நல்ல டவர் உள்ள இடத்தில் வேலையைச் சுலபமாக்கும், ஆனால் பேட்டரியைக் குடிக்கும். ஒரே ஒரு நோடுதான், பக்கத்திலேயே டவர் என்றால் தாராளமாகப் போடுங்கள்.

லோராவில் ஸ்பிரெடிங் ஃபேக்டர் என்று 7 முதல் 12 வரை ஒரு எண் வரும், செய்தியை எவ்வளவு மெதுவாக அனுப்புவது என்பதைச் சொல்லும் எண். 12-இல் வைத்தால் அதிக தூரம் போகும், ஆனால் அதே செய்தி காற்றில் இருக்கும் நேரம் 7-ஐவிட 20 மடங்குக்கும் மேல். அத்தனை மடங்கு பேட்டரி போகும், மற்ற நோடுகளின் செய்தியோடு மோதும் வாய்ப்பும் கூடும். எல்லா நோடையும் 12-இல் வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கக் கூடாது. ஆன்டெனாவை இரண்டு மீட்டர் உயர்த்திவிட்டு எண்ணைக் குறையுங்கள்.

"10 கிலோமீட்டர் போகும்" என்று பெட்டியில் போட்டிருக்கிறதே?

போகும், நடுவில் ஒன்றும் இல்லாவிட்டால். ஒரு மலையிலிருந்து எதிர் மலைக்கு அதைவிட அதிகமும் போகும். அதே மலையின் மடிப்புக்குப் பின்னால் 400 மீட்டர்கூடப் போகாது.

இரண்டு ஆன்டெனாவும் ஒன்றையொன்று பார்த்தால் மட்டும் போதாது. அலை ஒரு கோடாகப் போவதில்லை, நடுவில் பருத்த பூசணிக்காய் போல ஒரு இடத்தை எடுத்துக்கொள்கிறது. இதை ஃப்ரெனெல் மண்டலம் என்பார்கள். 865 மெகாஹெர்ட்ஸில் ஒரு கிலோமீட்டர் தூரத்துக்கு, நட்டநடுவில் அதன் ஆரம் 9 மீட்டருக்குச் சற்று மேல். அதில் 60 சதவீதமாவது தடையில்லாமல் இருக்க வேண்டும். தேயிலைச் செடி இடுப்பளவுதான், அதனால் தொல்லையில்லை. ஆனால் நடுவில் நிழலுக்காக நட்ட சில்வர் ஓக் வரிசை தொல்லை.

அதனால் நடந்து பாருங்கள். கேட்வேயைத் தற்காலிகமாக வைத்துவிட்டு, ஒருவர் நோடை ஒரு மூங்கில் கழியில் கட்டிக்கொண்டு நோடு வைக்கப்போகும் இடத்துக்கெல்லாம் போக வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் 20 செய்தி அனுப்பி எத்தனை வந்தது என்று நோட்டில் எழுத வேண்டும். 18-க்குக் குறைந்தால் நாங்கள் அந்த இடத்தை எடுப்பதில்லை. காய்ந்த வெயில் நாளில் 18 என்றால் அடைமழையில் 12 ஆகிவிடலாம். முடிந்தால் ஒரு மழை நாளில் மறுபடி நடங்கள். குளிரும், அட்டை கடிக்கும், ஆனாலும் நடங்கள்.

பேட்டரி எத்தனை நாள் வரும்?

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 15 நிமிடத்துக்கு ஒருமுறை என்றால் நாளைக்கு 96 முறை. ஒவ்வொரு முறையும் ரேடியோ 0.4 விநாடிக்கு 40 மில்லி ஆம்பியர் இழுத்தால், நாளைக்கு 0.43 மில்லி ஆம்பியர்-மணி. தூங்கும்போது 10 மைக்ரோ ஆம்பியர் என்றால் அது நாளைக்கு 0.24. சென்சார் விழித்து நிலைப்பட 2 விநாடி, 15 மில்லி ஆம்பியர் என்றால் அது மட்டும் 0.8. ஆக மொத்தம் ஒன்றரைக்குக் கொஞ்சம் கீழே. 2,400 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரி என்றால், தாளில், நாலரை வருடம் வருகிறது.

எல்லோரும் ரேடியோதான் பேட்டரியைத் தின்னும் என்று பயப்படுவார்கள். இந்தக் கணக்கில் பாதிக்கு மேல் தின்பது சென்சார். அதனால் சென்சாருக்குப் போகும் மின்சாரத்தை ஒரு டிரான்சிஸ்டர் வழியாகக் கொடுத்து, அளக்கும்போது மட்டும் திறந்துவிடுங்கள்.

அதைவிடப் பெரிய திருடன் வேறு ஒருவன். கடையில் கிடைக்கும் டெவலப்மென்ட் போர்டை, அதாவது மேசையில் சோதித்துப் பார்க்கச் செய்த தயார் சர்க்யூட்டை, அப்படியே பெட்டிக்குள் வைக்கிறார்கள். அதில் இருக்கும் ஏ.எம்.எஸ்.1117 போன்ற சாதாரண வோல்டேஜ் ரெகுலேட்டர், எதுவுமே செய்யாமல் 5 மில்லி ஆம்பியர் எடுக்கும். நாளைக்கு 120 மில்லி ஆம்பியர்-மணி! நாலரை வருடக் கணக்கு 20 நாளில் முடிந்தது. பக்கத்தில் ஒரு சிவப்பு எல்.இ.டி. வேறு இரவும் பகலும் எரிந்துகொண்டிருக்கும், யாருக்காக என்று தெரியாது. முதல் வருடம் நாங்கள் வைத்த நோடுகள் மூன்றாவது வாரத்தில் வரிசையாக அணைந்தது இதனால்தான். மீட்டரை மைக்ரோ ஆம்பியருக்குத் திருப்பி, தூங்கும்போது எவ்வளவு இழுக்கிறது என்று அளக்காமல் ஒரு நோடையும் மலைக்கு அனுப்பாதீர்கள்.

தாளில் வரும் கணக்கில் பாதியை நம்புங்கள். குளிரில் பேட்டரியின் கொள்ளளவு சுருங்கும், தானாகவும் கொஞ்சம் இறங்கும். நீண்ட நாள் வேலைக்கு லித்தியம் தையோனைல் குளோரைடு பேட்டரி நல்லது. 3.6 வோல்ட், வருடத்துக்கு ஒரு சதவீதம் அளவுதான் தானாக இறங்கும். ஆனால் நெடுநேரம் தூங்கியபின் திடீரென்று அதிக மின்சாரம் கேட்டால் வோல்டேஜ் சட்டென்று சரிந்து நோடு ரீசெட் ஆகும். பக்கத்தில் ஒரு பெரிய கெப்பாசிட்டர் போட்டால் சரியாகிவிடும்.

சோலார் பேனல் போட்டுவிட்டால் கவலை தீருமா?

கேட்வேக்குப் போடுங்கள். நோடுக்கு முடிந்தவரை வேண்டாம் என்பேன். தென்மேற்குப் பருவமழையில் மேற்குச் சரிவுகளில் வாரக்கணக்கில் வெயில் முகமே தெரியாது. உங்களுக்குத் தரவு அவசியமாகத் தேவைப்படுவதும் அந்த வாரங்களில்தான். மினுமினுக்கும் பேனல் குரங்கையும் மனிதரையும் ஒருசேர இழுக்கும். இன்னொன்று, லித்தியம் அயான் பேட்டரியைப் பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. ஊட்டி தலைக்குந்தா பக்கம் உறைபனி விழும் காலையில் முதல் வெயில் பேனலில் படும்போது அதுதான் நடக்கிறது.

கேட்வேக்குக் குறைந்தது ஐந்து நாள் தாங்கும் பேட்டரி வையுங்கள். மழை கொட்டும்போதுதான் கரண்ட் போகும், டவரும் போகும். 20 நோடும் உயிரோடு இருந்து கேட்வே செத்துவிட்டால் ஒன்றும் இல்லாததற்குச் சமம்.

பெட்டி வாட்டர்ப்ரூஃப்தான், பிறகு எப்படி உள்ளே தண்ணீர்?

இந்தக் கேள்விக்கு நான் எத்தனை பெட்டி திறந்து பதில் கற்றுக்கொண்டேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

ஐ.பி.67 என்று அச்சடித்த நல்ல பெட்டி. மூடி இறுக்கமாக இருக்கிறது, ரப்பர் வளையம் ஒழுங்காக இருக்கிறது. திறந்தால் அடியில் ஒரு ஸ்பூன் தண்ணீர். பேட்டரி முனையில் பச்சைப் பூச்சு. ஓட்டை எங்கே என்று தேடினால் கிடைக்காது, ஏனென்றால் மழை உள்ளே வரவே இல்லை. பகலில் வெயில் பட்டுப் பெட்டிக்குள் காற்று விரிந்து இண்டு இடுக்கு வழியாக வெளியே போகிறது. மாலையில் திடீரென்று மழை பெய்து குளிர்ந்ததும் உள்ளே அழுத்தம் குறைந்து, வெளியிலிருக்கும் ஈரக் காற்றை உறிஞ்சுகிறது. கேபிளின் உறைக்குள்ளே இருக்கும் இடைவெளி வழியாகக்கூட உறிஞ்சும். இரவில் அந்த ஈரம் சொட்டாகிறது. தினமும் ஒரு மூச்சு, ஒரு சொட்டு. மூன்று மாதத்தில் ஒரு ஸ்பூன்.

நாங்கள் இப்போது செய்வது இதுதான். எல்லாக் கேபிளும் பெட்டியின் அடிப்பக்கமாக மட்டுமே நுழையும், நுழையும் முன் கீழே ஒரு வளைவு தொங்கும், வழிந்து வரும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். காற்றை விட்டுத் தண்ணீரை விடாத சவ்வு பதித்த சின்ன வென்ட் பிளக் ஒன்றை அடியில் பொருத்துகிறோம். அழுத்தம் அதன் வழியாகச் சமமாகிவிடும். சர்க்யூட் போர்டுக்கு கன்ஃபார்மல் கோட்டிங் என்ற, ஈரம் படாமல் காக்கும் மெல்லிய பூச்சு அடிக்கிறோம், கனெக்டர்களை மட்டும் டேப் ஒட்டி விட்டுவிட்டு. உள்ளே சிலிக்கா ஜெல் பை, நிறம் மாறுகிற வகை. எம்-சீலை அவசரத்துக்கு வைத்திருங்கள், ஆனால் அதை நம்பி ஒரு பருவமழையை ஓட்டாதீர்கள். வெயிலில் விரிந்து சுருங்கியதும் பிளாஸ்டிக்கை விட்டுப் பிரிந்துவிடும்.

மலிவான சென்சார் போதுமா?

எதை அளக்கிறோம் என்பதைப் பொறுத்தது. வெப்பநிலைக்கு டி.எஸ்.18பி20 என்ற சென்சார் மலிவு, நல்லது, அரை டிகிரிக்குள் சொல்லும். ஆனால் அதன் ஒரு பழக்கத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். அளவீடு முடியும் முன்பே படித்தாலோ நடுவில் மின்சாரம் தடுமாறினாலோ 85 டிகிரி என்று சொல்லும். வயர் கழன்றால், நாம் பயன்படுத்தும் பொதுவான மென்பொருள் மைனஸ் 127 என்று காட்டும். கோத்தகிரி ஓடைத் தண்ணீர் 85 டிகிரி என்று வரைபடத்தில் ஊசி போல ஒரு கோடு எழுந்தால் யாரும் ஏமாற மாட்டார்கள். ஆனால் சராசரி மட்டும் போட்டு வைத்திருந்தால் அந்த 85 உள்ளே கரைந்து, தண்ணீர் லேசாகச் சூடானதுபோல் தெரியும். அதனால் வந்த எண்ணை வந்தபடியே சேமியுங்கள். திருத்தத்தைத் தனியாக வையுங்கள்.

மண் ஈரத்துக்கு இரண்டு உலோகக் கால் கொண்ட சென்சாரை வாங்காதீர்கள். ஈர மண்ணில் மின்சாரம் பாய்ந்து சில வாரங்களில் கால் அரித்துவிடும். உலோகம் மண்ணில் நேரடியாகப் படாத கெப்பாசிட்டிவ் வகை வாங்கி, உங்கள் மண்ணிலேயே அளவு திருத்துங்கள். மண்ணை எடை போட்டு, 105 டிகிரியில் 24 மணி நேரம் உலர்த்தி, மறுபடி எடை போட்டால் உண்மையான ஈரம் தெரியும். செம்மண்ணில் சரியாகச் சொல்லும் சென்சார் களிமண்ணில் வேறொன்று சொல்லும்.

நீர்மட்டத்துக்கு அல்ட்ராசோனிக் வைப்பவர்கள் காற்றின் வெப்பநிலையையும் சேர்த்து அளக்க வேண்டும். ஒலியின் வேகம் ஒரு டிகிரிக்கு விநாடிக்கு 0.6 மீட்டர் மாறும். காலை 25 டிகிரி, மதியம் 35 என்றால், 3 மீட்டர் தூரத்துக்கு 5 சென்டிமீட்டர் பிழை. தண்ணீர் அசையவே இல்லை, ஆனால் வரைபடத்தில் ஓடை தினமும் மதியம் ஏறி இறங்கும்! அழுத்த சென்சாரைத் தண்ணீரில் மூழ்க வைத்தால் வளிமண்டல அழுத்தத்தைக் கழிக்க வேண்டும். ஒரு ஹெக்டோபாஸ்கல் என்பது ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் தண்ணீர்.

காற்றுத் தூசுக்கான பி.எம்.2.5 சென்சார்கள் ஒளிச் சிதறலை வைத்துக் கணக்கிடுகின்றன. மூடுபனியில் தூசு ஈரம் குடித்துப் பருக்கும், எண் எகிறும். மலையூரில் அதை மட்டும் நம்பிப் புகார் எழுதிவிடாதீர்கள்.

எறும்பு, குரங்கு, யானை?

யானையைப் பற்றித்தான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். யானை உரசினால் கம்பம் சாயும், உண்மைதான். வழித்தடத்தைத் தவிர்த்து வையுங்கள், எந்த வழி என்று அங்கே வாழ்பவர்களைக் கேளுங்கள். அதிகத் தரவைக் கெடுத்தது என் கணக்கில் எறும்பும் இலையும்.

மழைமானியைப் பாருங்கள். மேலே புனல், உள்ளே சீசா போல ஆடும் இரட்டைக் கரண்டி. 0.2 மில்லிமீட்டர் மழைக்கு ஒருமுறை சாய்ந்து ஒரு காந்தச் சுவிட்சைத் தட்டும். புனல் வாயில் ஒரு சில்வர் ஓக் இலை ஒட்டிக்கொண்டால் பெருமழை புனலில் தேங்கி, மழை விட்ட பிறகும் மணிக்கணக்கில் சொட்டும். வரைபடத்தில் கொட்டிய மழை காணாமல் போய், ஒரே சீரான தூறல் இரவு முழுக்கப் பெய்ததுபோல் இருக்கும். இயற்கையில் மழை அவ்வளவு சீராகப் பெய்யாது. அப்படி ஒரு வரைபடம் கண்ணில் பட்டால் அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவோம். சிலந்தி கரண்டிக்குக் குறுக்கே நூல் கட்டினால் எண்ணிக்கை பூஜ்ஜியம், பக்கத்து ஊரில் வெள்ளம். இன்னொன்று, மிகக் கடும் மழையில் கரண்டி சாயும் நேரத்தில் கொஞ்சம் தண்ணீர் கணக்கில் வராமல் போகும், அதனால் இந்த வகை மழைமானி பெருமழையைக் கொஞ்சம் குறைத்தே சொல்லும்.

கம்பத்தில் கிரீஸ் தடவினால் எறும்பு ஏறாது. கேபிளை ஜி.ஐ. பைப்புக்குள் விடுங்கள், குரங்குக்கும் அரிவாளுக்கும் அதுவே பதில்.

அனுமதி வாங்க வேண்டுமா?

வனத்துறை நிலம் என்றால் கட்டாயம், சரணாலயம் என்றால் தலைமை வனவிலங்குக் காப்பாளர் வரை போகும். மாதக்கணக்கில் ஆகலாம், அதற்கேற்ப முன்னாலேயே எழுதுங்கள். தனியார் எஸ்டேட் என்றால் மேலாளரிடம் கையெழுத்து.

காகிதத்தைவிட முக்கியமானது அங்கே தினமும் நடக்கிறவர்கள். கொழுந்து பறிக்கும் அம்மா ஒருவர் எங்கள் பெட்டியைப் பார்த்து, "இது எங்களைப் படம் பிடிக்கிற கேமராவா சார்?" என்று கேட்டார். அன்றைக்கு மூடியைத் திறந்து உள்ளே காட்டினோம். அதன்பிறகு ஒவ்வொரு பெட்டியிலும் தமிழில் எழுதி ஒட்டுகிறோம்: இது மழை அளக்கும் கருவி, இதில் கேமரா இல்லை, ஏதாவது ஆனால் இந்த எண்ணுக்குப் போன் செய்யுங்கள். அந்த அம்மாதான் பிறகு ஒருநாள் போன் செய்து கம்பம் சாய்ந்ததைச் சொன்னார். எங்கள் சர்வருக்கு அது தெரியவே இல்லை, சாய்ந்த மழைமானியும் ஒழுங்காக எண்களை அனுப்பிக்கொண்டுதான் இருந்தது.

நோடின் கடிகாரம் சரியாக ஓடுமா?

சாதாரணக் கிரிஸ்டல் பத்து லட்சத்தில் 20 பங்கு பிசகும். நாளைக்கு 1.7 விநாடி, மாதத்துக்கு ஒரு நிமிடம் அளவு. மழைக்கும் மண்ணுக்கும் பரவாயில்லை. செய்தி கேட்வேக்கு வந்த நேரத்தையே குறித்துக்கொண்டால் போதும். நில அதிர்வை அளப்பவர்களுக்கு இது உயிர்ப்பிரச்சினை, எரிமலை அனுபவம் அதுதான்.

இதை வைத்து நிலச்சரிவு எச்சரிக்கை கொடுக்கலாமா?

இந்தக் கேள்வியை லேசாக எடுத்துக்கொள்ள என்னால் முடியாது.

2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறு ராஜமலைப் பக்கம் பெட்டிமுடியில் மலை சரிந்து தோட்டத் தொழிலாளர் லயங்களை, அதாவது வரிசை வீடுகளை, மூடியது. காணாமல் போனவர்களையும் சேர்த்து 70 பேர். பெரும்பாலும் தமிழ்க் குடும்பங்கள். கரண்டும் போன் தொடர்பும் இல்லாததால் வெளியே செய்தி தெரியவே காலை ஆனது. சென்சார் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு அந்த இரவுதான் நினைவுக்கு வருகிறது. எச்சரிக்கை என்பது எண்ணை அளப்பதோடு முடிவதில்லை. இரவு பதினோரு மணிக்கு, கரண்ட் இல்லாத லயத்தின் கதவை யார் தட்டுவது என்பதும் அதில் அடங்கும்.

அளவீட்டிலும் வேலை பெரிது. சரிவு நகர்வதற்கு முன், மண் துகள்களுக்கு இடையே நீரின் அழுத்தம் ஏறுகிறது, மண்ணின் பிடிப்பு குறைகிறது. மேலே வைத்த மழைமானி அதைச் சொல்லாது. மூணாறு அந்தோணியார் காலனியில் அமிர்தா குழுவினர் ஆழமாகத் துளையிட்டு, குழாய்களுக்குள் நீரழுத்தத்தை அளக்கும் பீசோமீட்டர், சாய்வை அளக்கும் கருவி, மண் ஈர சென்சார், அதிர்வைக் கேட்கும் ஜியோஃபோன் என்று வைத்தார்கள். நிலவியலாளரும் மண் பொறியாளரும் கூட இருந்து, அந்தச் சரிவின் மண்ணைப் படித்து, எந்த அளவைத் தாண்டினால் ஆபத்து என்று வகுத்தார்கள். ஒரு கல்லூரிப் புராஜெக்ட், நாலு மண் ஈர சென்சார், ஒரு மொபைல் ஆப் என்று வைத்துக்கொண்டு ஊர் மக்களிடம் "சரிவு வந்தால் சொல்லும்" என்று சொல்லாதீர்கள். அவர்கள் நம்புவார்கள். நம்பிக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிடுவார்கள்.

உங்களால் நேர்மையாகச் செய்யக்கூடியது ஒன்று உண்டு. மழை அளவை நிமிடத்துக்கு நிமிடம் மாவட்ட நிர்வாகத்துக்கும் ஊராட்சிக்கும் தெரியப்படுத்துங்கள். கருவி வேலை செய்யாத நாளில், வேலை செய்யவில்லை என்பதையும் உடனே தெரியப்படுத்துங்கள்.

தரவு நடுநடுவே விட்டுப்போனால் என்ன செய்வது?

விட்டே வையுங்கள். முன்னும் பின்னும் இருக்கும் எண்களை வைத்து இடைவெளியை நிரப்பி அழகான கோடு வரையாதீர்கள், குறிப்பாக மழையில். ஒவ்வொரு நோடிலும் சின்ன மெமரி சிப் வைத்து எல்லாவற்றையும் உள்ளேயும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். ரேடியோவில் தொலைந்ததை நேரில் போகும்போது எடுத்துவிடலாம். ஒவ்வொரு செய்தியோடும் பேட்டரி வோல்டேஜையும் வரிசை எண்ணையும் அனுப்புங்கள். வரிசை எண் ஒன்றிலிருந்து மறுபடி தொடங்கினால் நோடு ரீசெட் ஆகியிருக்கிறது என்று தெரியும்.

அப்புறம் ஒரு நோட்டுப் புத்தகம். எந்தத் தேதியில் எந்த சென்சாரை மாற்றினோம், எப்போது புனலைத் துடைத்தோம், எப்போது பக்கத்து மரத்தை வெட்டினார்கள் என்று எழுதி வையுங்கள். மூன்று வருடம் கழித்து வரைபடத்தில் ஒரு படி தெரியும். ஓடை மாறியதா, சென்சாரை மாற்றினோமா என்பதை அந்த நோட்டு மட்டும்தான் சொல்லும்.

செலவு எவ்வளவு ஆகும்?

விலை மாறிக்கொண்டே இருப்பதால் தொகை சொல்லவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். நிதி கேட்டு எழுதும்போது கருவிக்குக் கேட்கும் அதே அளவு தொகையை, பஸ் ஜீப் செலவுக்கும் உள்ளூர்ப் பராமரிப்பாளரின் சம்பளத்துக்கும் சேர்த்துக் கேளுங்கள். மூன்று வருடத்துக்குக் கேளுங்கள். பணம் தீர்ந்த திட்டங்களின் பெட்டிகளை மலையெங்கும் பார்க்கிறேன், கம்பத்தில் அப்படியே தொங்கிக்கொண்டு, உள்ளே குளவிக் கூடு. வைத்தவர்கள் கழற்றி எடுத்துப்போகவாவது செலவு ஒதுக்க வேண்டும், பேட்டரியைக் காட்டில் விட்டுவரக் கூடாது.

தனியாளாகத் தொடங்க நினைக்கிறேன். எங்கிருந்து?

உங்கள் மொட்டை மாடியிலிருந்து. ஒரு நோடு, ஒரு கரண்டி மழைமானி. அதன் பக்கத்திலேயே கையால் அளக்கும் சாதாரண மழைமானி ஒன்று. தினமும் காலை 8.30-க்கு, வானிலைத் துறை அளக்கும் அதே நேரத்தில், கையால் அளந்து நோட்டில் எழுதுங்கள். நோடு சொன்ன மொத்தத்தைப் பக்கத்தில் எழுதுங்கள். இரண்டும் ஒத்துப்போகாத நாளில் மாடிக்குப் போய்க் காரணத்தைக் கண்டுபிடியுங்கள். நிழல் தரும் தண்ணீர்த் தொட்டியா, சாய்ந்த மேடையா, ஒட்டிய இலையா, மென்பொருளில் ஒரே தட்டை இரண்டாக எண்ணுகிறதா? மலையில் பார்க்கப்போகும் பிரச்சினைகளில் பாதியை மாடியிலேயே பார்த்துவிடலாம், ஏணி ஏறும் தூரத்தில். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். ஆகஸ்டிலேயே மாடியில் வைத்துவிடுங்கள்.